ஷவர் போட்டால் சுவர் பின்னாடி ஓதமா? கசிவே இல்லாமல் ஷவர் ஆர்ம் மாட்டுவது எப்படி? முழு விவரம்!

வீட்டு பாத்ரூமில் ஷவர் மாற்றுவது பார்ப்பதற்கு சின்ன வேலைதான். பழசை கழற்றணும், புதுசை திருகணும், அவ்வளவுதான் என்று தோன்றும். ஆனால் மாட்டி ரெண்டு மாசம் கழித்து பாத்ரூமுக்குப் பின்பக்கம் இருக்கும் பெட்ரூம் சுவரில் பெயின்ட் உப்பிக்கொண்டு வரும். கை வைத்தால் பொலபொலவென்று உதிரும். அபார்ட்மென்ட் என்றால் கீழ் வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டுவார். "சார், சுவரை உடைச்சுத்தான் பார்க்கணும்" என்று பிளம்பர் சொல்லும்போதுதான் பிரச்சனையின் அளவு தெரியும்.

இத்தனைக்கும் காரணம் பல நேரங்களில் ஒரே ஒரு இணைப்புதான். சுவருக்குள் இருக்கும் எல்போவும் ஷவர் ஆர்மும் சேரும் அந்த அரை இன்ச் திருகு. ஒரு டீ, வடை விலைக்கு கிடைக்கும் டெஃப்லான் டேப்பை சரியாகச் சுற்றியிருந்தால் இந்த செலவே வந்திருக்காது. அதை எப்படி சரியாகச் செய்வது? கசிவு எங்கிருந்து வருகிறது என்று எப்படி கண்டுபிடிப்பது? விரிவாகப் பார்க்கலாம்.

ஷவர் ஆர்ம் என்றால் எது?

சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டு, நுனியில் ஷவர் தலையைத் தாங்கி நிற்கும் வளைந்த குழாய்தான் ஷவர் ஆர்ம். இதன் இரண்டு முனையிலும் திருகு இருக்கும். ஒரு முனை சுவருக்குள் இருக்கும் எல்போவில் போய் இறுகும். மறுமுனையில் ஷவர் தலை மாட்டப்படும். சுவரில் இருக்கும் ஓட்டை தெரியாமல் மறைக்க ஒரு வட்டத் தகடு இருக்கும். கடைகளில் இதை ஃபிளேஞ்ச் என்பார்கள்.

ஷவர் தலைப் பக்கம் கசிந்தால் கண்ணுக்குத் தெரியும். தண்ணீர் தரையில் விழும், வடிகாலில் போய்விடும். பெரிய பாதிப்பு இல்லை. ஆனால் எல்போ பக்கம் கசிந்தால் தண்ணீர் ஃபிளேஞ்சுக்குப் பின்னால், டைல்ஸுக்கு உள்பக்கமாக இறங்கும். வெளியே ஒரு சொட்டுகூட தெரியாது. அதனால்தான் இந்த இணைப்பு முக்கியம்.

கொஞ்சமாத்தானே கசியுது... விட்டால் என்ன?

ஒரு சின்ன கணக்கு. சுமார் 20 சொட்டு சேர்ந்தால் 1 மில்லி தண்ணீர். வீட்டில் 4 பேர், ஆளுக்கு 10 நிமிடம் ஷவரில் குளிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஷவர் ஓடும்போது மட்டும் வினாடிக்கு ஒரு சொட்டு கசிந்தால் தினமும் 2,400 சொட்டு. அதாவது 120 மில்லி. மாதத்துக்கு 3.6 லிட்டர்.

இந்த மூன்றரை லிட்டர் தண்ணீரும் வெளியே போக வழியில்லாமல் செங்கல்லும் சிமென்ட் பூச்சும் உறிஞ்சிக்கொள்ளும். மறுநாள் காய்வதற்குள் அடுத்த குளியல். ஓதம் ஏற ஏற சுவரில் உப்பு பூக்கும், பெயின்ட் கொப்பளிக்கும், பாத்ரூமை ஒட்டி வைத்திருக்கும் மர பீரோவின் பின்பக்கம் பூஞ்சை பிடிக்கும்.

அதைவிட ஆபத்து கரன்ட். பாத்ரூம் சுவரின் மறுபக்கத்தில் ஸ்விட்ச் போர்டு இருப்பது நம் வீடுகளில் சகஜம். கீசர் பிளக்கும் பெரும்பாலும் அதே சுவரில்தான் இருக்கும். ஓதம் ஏறிய சுவரில் வயரிங் இருந்தால் ஷாக் அடிக்கும் அபாயம் உண்டு.

முதலில் கண்டுபிடிக்க வேண்டியது: கசிவு எங்கே?

எல்லா கசிவுக்கும் ஷவர் ஆர்ம் காரணம் இல்லை. ஆர்மை மாற்றுவதற்கு முன் இந்த மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்.

1. ஷவரை மூடிய பிறகும் ஷவர் தலையிலிருந்து விடாமல் சொட்டுகிறதா? அப்படியென்றால் ஆர்ம் மீது தப்பு இல்லை. தண்ணீரைத் திறந்து மூடும் வால்வு அல்லது டைவர்ட்டரின் உள்பகுதி தேய்ந்திருக்கிறது. எத்தனை ஆர்ம் மாற்றினாலும் இது நிற்காது. அதேநேரம், மூடிய பிறகு சில நிமிடங்கள் மட்டும் சொட்டி நின்றுவிட்டால் அது சாதாரணம். ஷவர் தலைக்குள் தேங்கிய தண்ணீர் வடிகிறது, அவ்வளவுதான்.

2. யாரும் குளிக்காத நாளிலும் சுவர் ஈரமாகவே இருக்கிறதா? ஊருக்குப் போய் ஒரு வாரம் கழித்து வந்தாலும் ஓதம் குறையவில்லையா? அப்படியென்றால் வால்வுக்கு முன்னால் வரும் குழாயில் கசிவு இருக்கலாம். அந்தக் குழாயில்தான் 24 மணி நேரமும் தண்ணீர் அழுத்தத்தோடு நிற்கும்.

3. ஷவரில் குளித்தால் மட்டும் ஓதம் அதிகமாகிறதா? நாலைந்து நாள் பக்கெட்டில் குளித்தால் குறைகிறதா? அப்படியென்றால் சந்தேகப்பட வேண்டிய முதல் இடம் ஷவர் ஆர்ம் இணைப்பு. ஷவரைத் திறக்கும்போது மட்டும்தான் அந்தப் பகுதிக்கே தண்ணீர் வரும்.

மூன்றாவது வகையிலும் ஒரு விஷயத்தை மறக்கக்கூடாது. டைல்ஸ் இடுக்கில் பூசிய கலவை உதிர்ந்து, ஷவர் தண்ணீர் தெறித்து அதன் வழியாக உள்ளே போனாலும் இதே அறிகுறிதான் வரும். எனவே டைல்ஸ் இடுக்குகளையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

திருகு இறுக்கமாத்தானே இருக்கு... அப்புறம் ஏன் கசியுது?

இரும்போ பித்தளையோ, எந்தத் திருகாக இருந்தாலும் இரண்டு உலோகமும் நூறு சதவீதம் ஒட்டிப் பொருந்தாது. மரைகளுக்கு நடுவே முடி அளவுக்கு சந்து இருக்கும். அந்தச் சந்து எல்போவின் உள்ளேயிருந்து வெளியே வரை சுருள் போல ஓடும். தண்ணீர் அதைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வெளியே வந்துவிடும்.

குழாய்த் திருகுகளில் ஒரு வகை, முனையில் ஒல்லியாக ஆரம்பித்து உள்ளே போகப் போக பருமனாகும். 16 மில்லிமீட்டர் நீளத்துக்கு 1 மில்லிமீட்டர் என்ற அளவில் அதன் விட்டம் கூடும். ஆப்பு அடிப்பதுபோல திருகத் திருக இறுகும். ஆனால் வெறும் உலோகத்தை அப்படி இறுக்கினால் உராய்வு அதிகமாகி பாதியிலேயே நின்றுவிடும். இங்கேதான் டெஃப்லான் டேப் வேலை செய்கிறது. வழுவழுப்பாக இருப்பதால் திருகு இன்னும் உள்ளே போக உதவும். மிச்சமிருக்கும் சந்தையும் அடைத்துவிடும்.

டெஃப்லான் என்பது வேறொன்றும் இல்லை, ஒட்டாத தோசைக்கல்லில் பூசியிருக்கும் அதே பொருள்தான். 1938-ல் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனத்தில் வேலை பார்த்த ராய் பிளங்கெட் என்ற வேதியியலாளர் வேறு ஒரு ஆய்வின்போது தற்செயலாகக் கண்டுபிடித்தது. இது பசை இல்லை என்பதை நினைவில் வைக்க வேண்டும். ஒட்டாது, இடைவெளியை நிரப்பி அழுத்தத்தில் நிற்கும். அதனால் ஒருமுறை கழற்றினால் பழைய டேப் மறுபடி உதவாது.

மாடி வீட்டில் கசியாதது கீழ் வீட்டில் கசியுமா?

கசியும். தண்ணீர் டேங்க் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அந்த அளவுக்கு குழாயில் அழுத்தம் கூடும். 10 மீட்டர் உயரத்துக்கு சுமார் 1 பார் அழுத்தம் என்பது கணக்கு. டேங்குக்கு நேர் கீழே இருக்கும் மேல்மாடி பாத்ரூமில் 3 மீட்டர் உயர வித்தியாசம் இருந்தால் அழுத்தம் 0.3 பார்தான். அதே கட்டிடத்தில் தரைத்தளத்தில் 1 பாரைத் தாண்டலாம்.

"ஏழு வருஷமா ஒண்ணும் இல்ல, பிரஷர் பம்ப் போட்டதுக்கு அப்புறம்தான் கசியுது" என்று பலர் சொல்வதற்கும் இதுதான் காரணம். பம்ப் வந்ததும் அழுத்தம் பல மடங்கு கூடும். அதுவரை எப்படியோ தாக்குப்பிடித்த அரைகுறை இணைப்பு கசிய ஆரம்பிக்கும்.

போர் தண்ணீர் வரும் வீடுகளில் இன்னொரு சிக்கல். உப்பு படிந்து ஷவர் தலையின் துளைகள் அடைத்துக்கொண்டால் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் ஆர்முக்குள் அழுத்தம் கூடும். அதுவும் கசிவைத் தூண்டும்.

கடையில் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

* திருகு அளவு: வீட்டு ஷவர்களுக்கு அரை இன்ச்தான் வழக்கம். நம் ஊரில் பிஎஸ்பி வகைத் திருகு பயன்பாட்டில் இருக்கிறது. அமெரிக்க வகை என்பிடி. இரண்டிலும் அரை இன்ச் அளவில் ஒரு இன்ச்சுக்கு 14 மரைகள்தான். அதனால் ஒன்றை ஒன்றில் திருகினால் போகிற மாதிரியே இருக்கும். ஆனால் பிஎஸ்பி மரையின் கோணம் 55 டிகிரி, என்பிடியில் 60 டிகிரி. விட்டமும் லேசாக வேறுபடும். சரியாகப் பொருந்தாது. வெளிநாட்டு ஷவரை ஆன்லைனில் வாங்குபவர்கள் இதைக் கவனிக்கணும்.

* உலோகம்: பித்தளை அல்லது 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நல்லது. ஒரு சின்ன காந்தத்தை வைத்துப் பாருங்கள். நச்சென்று ஒட்டினால் உள்ளே இரும்பு இருக்க வாய்ப்பு அதிகம். மேல் பூச்சு போனதும் துருப்பிடிக்கும்.

* மரையின் நீளம்: சுவருக்குள் போகும் முனையில் மரை போதுமான நீளம் இருக்கணும். நாலைந்து மரையாவது எல்போவுக்குள் போனால்தான் பிடிமானம்.

* ஆர்மின் நீளம்: 9 இன்ச் முதல் 24 இன்ச் வரை கிடைக்கும். நீளம் கூடக் கூட, பெரிய மழை ஷவர் தலை மாட்ட மாட்ட, எல்போ மீது பாரம் கூடும். நீளமான ஆர்ம் என்றால் சுவரில் ஸ்க்ரூ போட்டு நிறுத்தும் வகை ஃபிளேஞ்ச் உள்ளதாகப் பார்த்து வாங்கவும்.

தேவையான பொருட்கள்

* அரை இன்ச் ஷவர் ஆர்ம், ஃபிளேஞ்ச், ஷவர் தலை
* டெஃப்லான் டேப் ஒரு ரோல்
* பைப் ரிஞ்ச் அல்லது அட்ஜஸ்டபிள் ஸ்பேனர்
* பழைய துணி, பழைய டூத் பிரஷ்
* அரை இன்ச் எண்ட் கேப் ஒன்று, சோதனைக்கு
* டிஷ்யூ பேப்பர்
* சிலிகான் சீலன்ட்
* ஆடாமல் நிற்கும் ஸ்டூல். பிளாஸ்டிக் பக்கெட்டைக் கவிழ்த்து ஏறுவது வேண்டாம், ஈரத் தரையில் வழுக்கும்.

ஸ்டெப் 1: தண்ணீரையும் கரன்டையும் நிறுத்துங்கள்

ஷவர் வால்வை மூடினாலே ஆர்மில் தண்ணீர் வராது. ஆனாலும் வேலை நடக்கும்போது தெரியாமல் யாராவது திறந்துவிடலாம், பழைய வால்வு முழுசாக மூடாமலும் இருக்கலாம். எனவே மொட்டை மாடியில் டேங்கிலிருந்து வரும் கேட் வால்வை மூடிவிட்டு, பாத்ரூம் குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடிய விடுங்கள். கீசர் ஸ்விட்சை ஆஃப் செய்யுங்கள்.

ஸ்டெப் 2: பழைய ஆர்மை நிதானமாகக் கழற்றுங்கள்

முதலில் ஷவர் தலையைக் கழற்றவும். பிறகு ஃபிளேஞ்சை முன்னால் இழுத்துவிட்டு, சுவரை ஒட்டிய இடத்தில் ஆர்மைத் துணியால் சுற்றி ரிஞ்சைப் பிடித்து கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் திருப்பவும். ஆர்மின் நுனியைப் பிடித்து இழுத்துத் திருப்பாதீர்கள். 15 இன்ச் ஆர்ம் என்பது 15 இன்ச் கடப்பாரை மாதிரி. கையில் குறைந்த பலம் கொடுத்தாலும் எல்போவில் பெரிய முறுக்கு விழும்.

திருப்பும்போது சுவருக்குள் 'கடக்' என்று சத்தம் வந்தாலோ, ஆர்மோடு சேர்ந்து எல்போவும் அசைந்தாலோ உடனே நிறுத்துங்கள். துருப்பிடித்து இறுகியிருந்தால் துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து கொஞ்ச நேரம் விட்டு மறுபடி முயற்சிக்கலாம். ஆனால் சுவருக்குள் இருப்பது சிபிவிசி பிளாஸ்டிக் குழாய் என்றால் அந்த ஸ்ப்ரே வேண்டாம். எண்ணெய் கலந்த ரசாயனங்கள் சிபிவிசியை பலவீனமாக்கலாம்.

ஸ்டெப் 3: எல்போவின் மரையைச் சுத்தம் செய்யுங்கள்

அவசரத்தில் பலர் தவறவிடும் இடம் இதுதான். பழைய டேப் துணுக்கு, சணல், உப்பு, சிமென்ட் துகள் எல்லாம் மரைக்குள் ஒட்டிக்கொண்டு இருக்கும். டூத் பிரஷ்ஷால் தேய்த்து வெளியே எடுங்கள். குப்பை உள்ளே போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு செல்போன் டார்ச் அடித்து மரையை முழுவதும் பாருங்கள். விரிசல், உடைந்த மரை தெரிந்தால் டேப்பை எவ்வளவு சுற்றினாலும் பலன் இல்லை. எல்போவை மாற்றித்தான் ஆகணும்.

ஸ்டெப் 4: டேப் இல்லாமல் ஒருமுறை திருகிப் பாருங்கள்

புது ஆர்மை டேப் சுற்றாமல் கையால் மட்டும் திருகவும். மூன்று, நான்கு சுற்று வழுக்கிக்கொண்டு போய் பிறகு இறுகினால் சரியான பொருத்தம். முதல் சுற்றிலேயே முட்டினால் கோணலாகப் போகிறது அல்லது திருகு வகை வேறு. கடைசி வரை லொடலொடவென்று போனால் மரை தளர்வு, டேப் அதிகம் தேவைப்படும்.

இதே நேரத்தில் எல்போ சுவருக்குள் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். டைல்ஸ் ஒட்டியபிறகு எல்போ உள்ளே புதைந்து, ஆர்மின் மரை ரெண்டு சுற்றுதான் பிடிக்கிறது என்றால் அப்படியே விடக்கூடாது. எக்ஸ்டென்ஷன் நிப்பிள் என்று கடையில் கேட்டால் 1 இன்ச், ஒன்றரை இன்ச், 2 இன்ச் நீளங்களில் கிடைக்கும். அதை டேப் சுற்றி எல்போவில் இறுக்கிவிட்டு, அதன் மேல் ஆர்மை மாட்டணும்.

ஸ்டெப் 5: ஃபிளேஞ்சை முதலில் போடுங்கள்

எல்லாம் இறுக்கி முடித்த பிறகு "அய்யோ, ஃபிளேஞ்ச் போட மறந்துட்டோமே" என்று மறுபடி கழற்றுவது அடிக்கடி நடக்கும் கூத்து. பல ஆர்ம்களில் வளைவைத் தாண்டி அது உள்ளே போகாது. எனவே டேப் சுற்றும் முன்பே ஃபிளேஞ்சை ஆர்மில் கோத்து, நடுவில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஸ்டெப் 6: டேப் சுற்றும் முறை... இதுதான் முக்கியம்!

* மரை உலர்ந்திருக்கணும். ஈரம் இருந்தால் டேப் வழுக்கும்.

* சுவருக்குள் போகும் மரை முனை உங்கள் முகத்தைப் பார்க்கும்படி பிடியுங்கள். இப்போது கடிகார முள் சுற்றும் திசையில் டேப்பைச் சுற்றவும். எதிர்த்திசையில் சுற்றினால் ஆர்மைத் திருகும்போது டேப் சுருண்டு வெளியே தள்ளப்படும்.

* முனையில் உள்ள முதல் மரையை விட்டுவிட்டு இரண்டாவதில் ஆரம்பிக்கவும். முனையிலிருந்தே சுற்றினால் டேப் துணுக்கு பிய்ந்து தண்ணீரோடு போய் ஷவர் துளையை அடைக்கும்.

* டேப்பை லேசாக இழுத்துப் பிடித்து, மரையின் வடிவம் வெளியே தெரியும் அளவுக்குப் படியச் சுற்றுங்கள். ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் பாதியை மூடணும்.

எத்தனை சுற்று? நம் கடைகளில் கிடைக்கும் மெல்லிய வெள்ளை டேப் என்றால் 8 முதல் 12 சுற்று. கனமான டேப் என்றால் 4 முதல் 6 போதும். ஆனால் இது கல்லில் பொறித்த கணக்கு இல்லை. ஸ்டெப் 4-ல் மரை தளர்வாக இருந்தது என்றால் கூடுதலாகச் சுற்றணும். இறுக்கமாக இருந்தால் குறைக்கணும். "ரோல் முழுக்க சுத்திட்டா கசியவே கசியாது" என்பது தவறு. தேவைக்கு மேல் தடிமனாக்கி பலமாகத் திருகினால் எல்போ உள்ளிருந்து வெடிக்கும்.

ஸ்டெப் 7: இறுக்குங்கள்... ஆனால் திரும்பி வராதீர்கள்

ஆர்மை எல்போவுக்கு நேராக வைத்து முதலில் கையால் திருகுங்கள். கைக்கு இறுகிய பிறகு, சுவரை ஒட்டிய இடத்தில் துணி சுற்றி ரிஞ்சால் ஒன்று முதல் இரண்டு சுற்று வரை இறுக்கலாம். ஷவர் முனை தரையைப் பார்த்து நேராக வரும்போது வேலை முடியணும்.

இங்கே ஒரு தங்க விதி: நேர் நிலையைத் தாண்டிவிட்டால் பின்னால் திருப்பக்கூடாது. கால் சுற்று பின்னுக்கு வந்தாலும் டேப் அமுங்கி உட்கார்ந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடும், சந்து திறந்துகொள்ளும். அப்போது தெரியாது, பிறகு கசியும். எளிதாகத் திருகினால் இன்னொரு முழு சுற்று முன்னால் கொண்டு வரலாம். ரொம்ப இறுக்கமாக இருந்தால் முழுசாகக் கழற்றி, பழைய டேப்பை நீக்கி, புது டேப் சுற்றி ஆரம்பத்திலிருந்து மாட்டுங்கள். ஐந்து நிமிட வேலைதான்.

சுவருக்குள் சிபிவிசி குழாய் உள்ள வீடுகளில் கூடுதல் கவனம் வேண்டும். ஷவர் எல்போவின் உள்ளே பித்தளைத் திருகு பதித்திருந்தால் தாங்கும். முழுக்க பிளாஸ்டிக் திருகு என்றால் கொஞ்சம் அதிகமாக இறுக்கினாலும் மயிரிழை விரிசல் விழும்.

ஸ்டெப் 8: மூடி வைத்து சோதனை... இதைத் தவறவிடாதீர்கள்

பெரும்பாலானோர் ஷவர் தலையை மாட்டி, தண்ணீரைத் திறந்து, "ஆ, கசியல" என்று முடித்துவிடுவார்கள். ஆனால் ஷவர் வழியாகத் தண்ணீர் தாராளமாக வெளியே போகும்போது இணைப்பில் அழுத்தம் குறைவாகத்தான் இருக்கும். கசிவு தெரியாமல் போகலாம்.

சரியான முறை இது: ஷவர் தலைக்குப் பதிலாக ஆர்மின் நுனியில் எண்ட் கேப்பை டேப் சுற்றி இறுக்குங்கள். ஃபிளேஞ்சை முன்னால் தள்ளி வைத்து, எல்போ இணைப்பைச் சுற்றி டிஷ்யூ பேப்பரைச் சுற்றுங்கள். கேட் வால்வைத் திறந்து, பச்சைத் தண்ணீர் வால்வை மட்டும் முழுசாகத் திறந்து வையுங்கள். வெந்நீர் பக்கம் வேண்டாம். பிரஷர் பம்ப் இருந்தால் அதையும் போடுங்கள். இப்போது முழு அழுத்தமும் இணைப்பின் மீது விழும்.

15 நிமிடம் அப்படியே விடுங்கள். டிஷ்யூ பேப்பர் காய்ந்தே இருந்தால் வெற்றி. ஒரு மூலையில் ஈரப் புள்ளி தெரிந்தாலும் கழற்றி மறுபடி செய்வதுதான் நல்லது. வால்வை மூடி அழுத்தத்தை இறக்கிய பிறகே எண்ட் கேப்பைக் கழற்றணும்.

ஸ்டெப் 9: ஷவர் தலையும் சிலிகானும்

ஷவர் தலையின் நட்டுக்குள் ரப்பர் வாஷர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கசிவைத் தடுப்பது அந்த வாஷர்தான். கையால் இறுக்கி, தேவைப்பட்டால் கால் சுற்று மட்டும் ஸ்பேனர் வைத்தால் போதும். வாஷர் இல்லாத வகை என்றால் மரையில் சில சுற்று டேப் சுற்றலாம். மாட்டுவதற்கு முன் ஒரு நிமிடம் தண்ணீரைத் திறந்துவிட்டு உள்ளே இருக்கும் தூசியை வெளியேற்றிவிடுங்கள்.

கடைசியாக ஃபிளேஞ்சை சுவரோடு ஒட்டித் தள்ளி, அதன் விளிம்பில் சிலிகான் சீலன்ட் பூசுங்கள். சுவரில் தெறிக்கும் தண்ணீர் ஓட்டை வழியாக உள்ளே போகாமல் இது தடுக்கும். ஆனால் முழு வட்டமும் பூசாதீர்கள். கீழ்ப்பக்கம் அரை இன்ச் அளவுக்கு இடைவெளி விடுங்கள். எதிர்காலத்தில் உள்ளே கசிந்தால் தண்ணீர் அந்த இடைவெளி வழியாக டைல்ஸ் மேல் வழிந்து உங்களுக்குத் தகவல் சொல்லும். முழுசாக அடைத்துவிட்டால் சுவருக்குள் இறங்குவது தவிர அதற்கு வேறு வழி இருக்காது.

பலரும் செய்யும் தவறுகள்

* கசியும் இடத்தில் வெளியே வெள்ளை சிமென்ட் அல்லது எபோக்சி பசை பூசுவது. வெளியே வரும் தண்ணீர் நிற்கும், உள்ளே போகும் தண்ணீர் நிற்காது.

* "இன்னும் ரெண்டு சுத்து டைட் வைங்க" என்று இறுக்கிக்கொண்டே போவது. கசிவுக்குக் காரணம் டேப் என்றால் இறுக்குவதால் எல்போதான் உடையும்.

* ஷவர் ஆர்மில் துண்டு, துணி, பக்கெட் மாட்டுவது. தினமும் விழும் பாரம் இணைப்பை அசைத்து அசைத்துத் தளர்த்திவிடும்.

* உப்புக் கறை போக ஆசிட் ஊற்றுவது. குரோம் பூச்சு போய்விடும். ஷவர் தலையைக் கழற்றி வினிகர் அல்லது எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரில் ஊறவைத்து பிரஷ் போட்டாலே அடைப்பு நீங்கும்.

எப்போது பிளம்பரைக் கூப்பிட வேண்டும்?

எல்லா வேலையையும் நாமே செய்யணும் என்று இல்லை. இந்தச் சூழ்நிலைகளில் கை வைக்காமல் இருப்பது நல்லது:

* ஆர்மைத் திருப்பும்போது எல்போவும் சேர்ந்து சுற்றினால்
* பழைய ஆர்ம் முறிந்து மரை எல்போவுக்குள்ளேயே மாட்டிக்கொண்டால்
* எல்போவில் விரிசல் தெரிந்தால்
* யாரும் ஷவரைப் பயன்படுத்தாதபோதும் சுவர் ஈரமாக இருந்தால்

சுவரைத் தொட்டாலோ, குழாயைத் தொட்டாலோ லேசாகக் கூட ஷாக் அடிக்கிற மாதிரி இருந்தால் பிளம்பருக்கு முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். மெயினை ஆஃப் செய்துவிட்டு அதுவரை அந்த பாத்ரூமைப் பயன்படுத்தாதீர்கள்.

புது வீடு கட்டுகிறீர்களா?

டைல்ஸ் ஒட்டும் முன்பே எல்லா எல்போக்களையும் டம்மி பிளக் போட்டு மூடி, குழாயில் அழுத்தம் ஏற்றி சோதனை செய்யச் சொல்லுங்கள். அப்போது கசிவு தெரிந்தால் பூச்சுக்கு முன்பே சரிசெய்துவிடலாம். குளிர், வெந்நீருக்கான சிபிவிசி குழாயில் ஐஎஸ் 15778 என்ற முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். எல்போவின் வாய் டைல்ஸ் மட்டத்துக்கு வரும்படி வைக்கச் சொன்னால் பின்னால் எக்ஸ்டென்ஷன் நிப்பிள் தேடும் வேலை மிச்சம். குழாய் ஓடும் பாதையை சுவர் பூசும் முன் செல்போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிற்காலத்தில் எங்கே உடைக்கணும், எங்கே துளை போடக்கூடாது என்று தெரியும்.

அடிக்கடி எழும் கேள்விகள்

சணல் நூல் நல்லதா, டெஃப்லான் டேப் நல்லதா?
பழைய இரும்புக் குழாய்களில் சணலும் பெயின்ட்டும் வைத்து இறுக்குவது வழக்கம். சிபிவிசி குழாய், பித்தளைத் திருகு உள்ள இன்றைய வீடுகளுக்கு டேப் போதும். சணலைத் தடிமனாகச் சுற்றினால் நனைந்து உப்பும்போது எல்போவுக்கு அழுத்தம் கொடுக்கும்.

பழைய டேப் மேலேயே புது டேப் சுற்றலாமா?
கூடாது. பழையதை முழுசாக நீக்கிவிட்டுத்தான் சுற்றணும்.

மாட்டிய உடனே ஷவரைப் பயன்படுத்தலாமா?
டேப் காய வேண்டிய பொருள் இல்லை, எனவே இணைப்பைப் பொறுத்தவரை உடனே பயன்படுத்தலாம். சிலிகான் பூசியிருந்தால் அது காய்வதற்கு அதன் அட்டையில் போட்டிருக்கும் நேரம் வரை காத்திருக்கவும்.

கசிவை நிறுத்தியும் சுவர் ஓதம் போகவில்லையே?
சுவருக்குள் இறங்கிய தண்ணீர் காய வாரக்கணக்கில் ஆகலாம். ஓதத்தின் ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டு தேதியை எழுதி வையுங்கள். கோட்டைத் தாண்டி ஈரம் பரவவில்லை என்றால் கசிவு நின்றுவிட்டது. நன்றாகக் காய்ந்த பிறகு மட்டுமே பெயின்ட் அடிக்கணும். ஈரத்தின் மேல் அடித்தால் அதுவும் உரிந்து வரும். கோட்டைத் தாண்டிப் பரவினால் கசிவு வேறு இடத்தில் இருக்கிறது என்று அர்த்தம், தாமதிக்காமல் பிளம்பரிடம் காட்டுங்கள்.